யாரையும் வேண்டாம் என்று சொல்லாத சின்னப்பராஜ்

கை காட்டாதவர்களுக்கும் சின்னப்பராஜ் வண்டியை நிறுத்துகிறார். திண்டிவனத்திலிருந்து வானூருக்கு வேலைக்கு வரும் வழியில், சும்மா நிழலுக்கு ஒதுங்கியவரிடமும் "ஏறுங்க, போய்க்கினே பேசலாம்" என்பார். ஏறியவர் செஞ்சிக்குப் போகவேண்டியவர் என்று பிறகு தெரிந்தால், எதிர்த்திசையில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் ஆபீசுக்கு வருவார்.

கருங்கல் பலகைகளை ஏற்றுமதி செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் அங்கே கணக்கு எழுதுகிறேன். அவர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். மெயில் சர்வரின் தலையில் மாதா படம் ஒட்டியிருக்கிறார்.

2003இல் நாங்கள் அனுப்பிய மெயிலெல்லாம் திரும்பி வர ஆரம்பித்தது. கூடவே, எங்களிடம் கல் வாங்கும் இத்தாலிக்காரரிடமிருந்து ஒரு ஃபேக்ஸ். எங்கள் சர்வர் வழியாக அவருக்கு வழுக்கை மருந்து விளம்பரமாக வந்து குவிகிறதாம். ஊர் பேர் தெரியாதவர்களின் மெயிலையெல்லாம் வாங்கி அனுப்பிவிடுகிற சர்வர் என்று, குப்பை மெயிலைத் தடுக்கிறவர்கள் எங்களைக் கருப்புப் பட்டியலில் வைத்துவிட்டார்களாம். சரிசெய்யாவிட்டால் ஆர்டர் ரத்து.

முதலாளி வேங்கடேசன் தலையைத் தடவிக்கொண்டே, "அந்த மருந்து கேக்குமாமா?" என்றார். பிறகுதான் சின்னப்பராஜ் மேல் கோபம் வந்தது. "யாருய்யா இவனுங்கள்லாம்?"

"தெரியாதுங்க. நம்ம வழியா போய்க்கினு இருக்காங்க."

"நீ எதுக்கு உட்ட?"

"நம்ம கோட்டக்குப்பம் ஆபீஸ்லருந்து மெயில் போவலன்னாங்க. அவங்களுக்குன்னுதான் சர்வரத் தொறந்தேன். தொறந்தப்பறம் வர்றவங்கள வேணாம்னு எப்பிடிங்க சொல்றது?"

"பேஜாரு புடிச்சவனே, மூடு. ஜல்தி."

சின்னப்பராஜ் எங்கள் ஆபீஸ்களுக்கு மட்டும் வழி விட்டு, மற்றவர்களுக்கு அடைத்தார். உள்ளே ஆயிரக்கணக்கில் மெயில்கள் வரிசையில் காத்திருந்தன. அழிக்க மனம் வரவில்லை. "இதுல எவனாச்சும் தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தா?" என்று ஒவ்வொன்றாகத் திறந்து படித்தார். லாட்டரி, தொப்பை கரைக்கும் மாத்திரை, மறுபடியும் வழுக்கை. பொழுது சாயும்போது கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் அழித்தார்.

பட்டியல்காரர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு எங்கள் பெயரை நீக்கினார்கள். ஆர்டர் தப்பியது. முதலாளி எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார்.

சின்னப்பராஜ் மட்டும் சாப்பிட வரவில்லை. கூப்பிடப் போனேன். திரையில், வெளியாட்கள் இன்னும் வந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். வந்தவருக்கெல்லாம் சர்வர் ஆங்கிலத்தில் 'அனுமதி இல்லை' என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தது. "மொகத்துல அடிச்சாப்புல சொல்லுதுங்க" என்றார். அந்த வாசகத்துக்கு முன்னால் 'மன்னிக்கவும் சார்' என்று ஆங்கிலத்தில் சேர்த்தார். ஒரு தரம் படித்துப் பார்த்தார். பிறகு 'சார்' பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு, 'மேடம்' என்றும் அடித்தார்.