பேட்டரிக் கடையில் யாரும் சொல்லாத வார்த்தை

பேட்டரி, மீட்டர், சார்ஜ் எல்லாம் தமிழாகி வெகுகாலம் ஆகிவிட்டது. அவற்றைக் கழித்துவிட்டால் பேட்டரிக்காரருக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒரே ஒரு வார்த்தைதான். டெட். அதை வைத்தே முக்கால்வாசி ஆயுளை ஓட்டிவிட்டார். யாராவது பேட்டரியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தால், டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டிவிட்டு மீட்டரை மாட்டுவார். முள் படுத்தே கிடந்தால்தான் அந்த வார்த்தை வாயிலிருந்து வரும். முள் ஒரு மயிரிழை அசைந்தால்கூட, "உயிர் இருக்கு, சார்ஜ்ல கிடக்கட்டும்" என்று எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். அந்த விஷயத்தில் ஆள் படு கறார்.

அவர் மனைவிக்கு அந்தக் கறாரெல்லாம் கிடையாது. மதியம் சாப்பாடு கொண்டுவருவாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கடையில் ஒரு காலி மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருப்பாள். அங்கே காதில் விழுந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் இஷ்டத்துக்குப் புழங்கினாள். ஆறிப்போன டீ டெட். மாடி வீட்டுக்காரியின் சிரிப்பு டெட். மருமகன் சொல்லும் ஜோக் பாதியிலேயே டெட். டிவி தொடர் எதுவானாலும் வெள்ளிக்கிழமைக்குள் டெட். அவர் எதற்காவது கோபித்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்தால், கிட்டே வந்து குனிந்து பார்த்து, "என்ன, ஐயா டெட்டா? சார்ஜ் போடணுமா?" என்பாள். "எதை எதுக்குச் சொல்றதுன்னு ஒரு வரைமுறை வேண்டாமா?" என்று அலுத்துக்கொள்வார். அலுப்பு முடிவதற்குள் சிரிப்பு வந்துவிடும்.

போன மழைக்காலத்தில் அவள் செத்துப்போனாள்.

தெரு நல்ல தெரு. தொல்லையே அதுதான். பக்கத்துக் கடை மெக்கானிக், அவர் இல்லாத நேரமாகப் பார்த்து எல்லாரிடமும் சொல்லிவைத்தார். "அண்ணன் காதுபட அந்த வார்த்தையை யாரும் எடுக்கக் கூடாது." யாரும் எடுக்கவில்லை. பேட்டரி கொண்டுவருகிறவர்கள், "கொஞ்சம் உடம்பு சரியில்லண்ணே" என்றார்கள். "வண்டி பேச மாட்டேங்குது" என்றார்கள். பதற்றத்தில் ஒருவர், "பேட்டரி தவறிடுச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தத் தெரு ஒரு முட்டுச்சந்து. முனையில் 'டெட் எண்ட்' என்று ஒரு தகரப் போர்டு இருந்தது. மெக்கானிக் அதன்மேல் ஒரு பழைய டயரை மாட்டி எழுத்தை மறைத்துவிட்டார். அன்றிலிருந்து விவரம் தெரியாத கார்கள் உள்ளே புகுந்து, சுவரில் முட்டாத குறையாக நின்று, பின்னாலேயே ஊர்ந்து வெளியே போயின. இவ்வளவு அக்கறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இவ்வளவு அசட்டுத்தனத்தையும்தான்.

பேட்டரிக்காரருக்கு எல்லாம் புரிந்தது. டயரையும் பார்த்தார். யார்மேலும் அவருக்குக் கோபமில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவள் எப்படிப் போனாள் என்று யாராவது கேட்க வேண்டும். கேட்டால் சொல்வதற்கு அவரிடம் ஒரு விஷயம் இருந்தது. அவள் கடைசியாகச் சொன்னதும், அதற்கு அவர் செய்ததும். அது உள்ளேயே கிடந்து அவரை அரித்தது. ஒருமுறை தானாகவே, "அன்னைக்குக் காலையில அவ..." என்று மெக்கானிக்கிடம் ஆரம்பித்துப் பார்த்தார். "விடுங்கண்ணே. அதையெல்லாம் நினைக்காதீங்க" என்று மெக்கானிக் கையில் ஒரு டீயைத் திணித்துவிட்டுப் போனார். தூரத்திலிருந்து போன் செய்யும் மகளும் சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்பதைத் தாண்டவில்லை. தாண்டினால் அழுதுவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவரும் சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் டிவியைப் போடுவார். தொடரில் யார் யாருக்கு என்ன உறவு என்றே அவருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் கடைசிவரை பார்த்தார். அது டெட் ஆகிவிட்டதா இல்லையா என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

இப்படியிருக்கும்போது ஒருநாள் லாரிக்காரர் வந்தார். வெளியூர் ஆள். வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பக்கம் வருவார். வந்தால் பேட்டரி இவர் கையால்தான் பார்க்க வேண்டும், சாப்பாடு அக்கா கையால்தான் சாப்பிட வேண்டும். தோளில் பேட்டரியோடு வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தார்.

"போர்டு மேல டயரை மாட்டினது எவன்? உள்ள ரெண்டு கார் திரும்ப வழியில்லாம நிக்குது. லாரியை மெயின் ரோட்டுல போட்டுட்டு இதைத் தூக்கிட்டு வரேண்ணே. இதுவும் டெட், என் தோளும் டெட்."

டீ கொண்டுவந்திருந்த மெக்கானிக், பேட்டரிக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார், உதட்டில் விரலை வைத்தார்.

"உனக்கென்ன, கண்ணுல தூசியா?" என்றார் லாரிக்காரர். "அக்கா எங்கண்ணே? நானும் இருக்கேன்னு சொல்லுங்க. பசி உயிர் போகுது."

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேட்டரிக்காரர் கையமர்த்தினார்.

"அவ செத்துட்டாப்பா."

இத்தனை நாளும் மற்றவர்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், தவறிட்டாங்க, போயிட்டாங்க என்று. அவர் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. லாரிக்காரர் பேட்டரியை இறக்கிவைத்துவிட்டு, அவள் உட்காரும் பெட்டியிலேயே தொப்பென்று உட்கார்ந்தார்.

"எப்படிண்ணே?"

பேட்டரிக்காரர் மீட்டரின் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினார். "காலையில துணி மடிச்சிட்டு இருந்தா. தோள்பட்டை வலிக்குதுன்னா. தேய்ச்சுவிட்டேன். 'இன்னைக்கு உடம்பு மொத்தமும் டெட்டுங்க'ன்னா. எப்பவும் சொல்றதுதானே. நான் சிரிச்சிட்டேன். 'மதியம் கடைக்கு வருவேல்ல, சார்ஜ் போட்டு அனுப்புறேன்'னேன். அவளும் சிரிச்சா. நான் குளிச்சிட்டு வந்து பார்த்தா, மடிச்ச துணி மேலயே சாஞ்சு கிடக்கா." ஒயரைப் பிரித்து மறுபடியும் சுற்றினார். "யார் பேட்டரியா இருந்தாலும் நான் மீட்டர் வைக்காம ஒரு வார்த்தை சொன்னதில்லப்பா. அவ வாயால சொல்றா. நான் என்னன்னு பார்க்கவே இல்ல."

லாரிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்றார்.

அப்புறம் நடந்ததையும் சொன்னார். அதற்கு முன்னால் நடந்தவற்றையும் சொன்னார். மாடி வீட்டுக்காரியின் சிரிப்பு, மருமகனின் ஜோக், எல்லாம் வந்தது. லாரிக்காரர் ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார், ஒரு இடத்தில் மூக்கைச் சிந்தினார். மெக்கானிக் போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் பேட்டரிக்காரர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார்.

"டீ டெட்."

மெக்கானிக்குக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அவ சொல்றதுதாம்பா. சிரிக்கலாம்," என்றார் பேட்டரிக்காரர்.

மெக்கானிக் சிரிக்கத்தான் பார்த்தார். வேறு என்னமோ வந்தது. வேற டீ வாங்கிவருகிறேன் என்று வெளியே போனவர், முனைவரை போய் அந்த டயரைக் கழற்றிக்கொண்டு வந்தார். டீயை மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பேட்டரிக்காரர் வீட்டுக்குப் போய் வழக்கம்போல டிவியைப் போட்டார். தொடர் ஓடியது. யாரோ யாரையோ அடையாளம் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்கள். "இது நேத்தே டெட்," என்று சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, பதில் வராது என்று தெரிந்தும், டிவி சத்தத்தைக் குறைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.