இரண்டாவது பிளக்

நீங்கள் நம்பத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் இது நடந்தது. வட்டகொடையில் கணக்குப் படிப்பிக்கும் பத்திநாதன் சேருக்கு, பட்டப்பகலில், சொந்தக் காருக்குள் நடந்தது. எதையும் நேரத்தோடு கொப்பியில் எழுதி வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கீழே வருகிற நேரங்கள் எல்லாம் அந்தக் கொப்பியில் உள்ளவை. ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கார், ஜப்பானில் ஓடிய பழைய கார். பெற்றோலிலும் ஓடும், வீட்டுக் கரண்டில் சார்ஜ் போட்டு அதிலும் ஓடும். அவர் அதை வாங்கியதே மனைவி இசபெல்லுக்காகத்தான். இசபெல்லுக்கு நுரையீரல் வருத்தம். பகலும் இரவும் ஒட்சிசன் மெஷின். அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். இந்தக் காரின் டிக்கியில் ஒரு பிளக் உண்டு. முன் சீற்றுகளுக்கு நடுவில், பின்பக்கம் பார்த்தபடி இன்னொரு பிளக். கரண்ட் போனால் கார் மெஷினை ஓட்டும். ஜப்பான் கார் கொடுப்பது நூறு வோல்ட் என்பதால் நடுவில் ஒரு ட்ரான்ஸ்போமர் வாங்கி வைத்தார். எல்லாம் ஒழுங்காக ஓடியது.

ஒரே கரைச்சல், திரை முழுக்க ஜப்பான் எழுத்து. மாற்ற முடியாது என்று விற்றவர் கையை விரித்துவிட்டார். அது அடிக்கடி எதையாவது கேட்கும். இடது பொத்தானை அமத்தினால் வாயை மூடும். அதனால் எந்தக் கேள்விக்கும் இடது. மூன்று மாதமாக இடதுதான்.

கார்த்திகை மழையில் தேயிலைத் தோட்டத்துக்கே கரண்ட் போய் இரண்டு நாள். பெற்றோல் அடிக்கும் செட்டும் பூட்டு. மெஷினை ஓட்டி ஓட்டிக் காரின் பேட்டரியும் பெற்றோலும் அடிமட்டத்துக்கு வந்துவிட்டன. மூன்றாம் நாள் பின்னேரம் இசபெல்லின் உதடு நீலம் பாய்ந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

பிற்பகல் 3.20. பெரிய ரோட்டில் மண் சரிந்திருந்தது. தோட்டத்துப் பாதையில் விட்டார். மெஷின் டிக்கியில். இசபெல் பின் சீற்றில், இடது பக்கம். பத்திநாதனுக்கு நேர் பின்னால் இருந்த சீற் காலி.

3.52. பாதைக்குக் குறுக்கே ஒரு பெரிய டர்பன்டைன் மரம் விழுந்து கிடந்தது. காரைப் பின்னுக்கு எடுத்தார். 3.58. பின்னால் வளைவில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். மண் மேடே இறங்கி வந்துவிட்டது. முன்னால் மரம், பின்னால் மண், இடது பக்கம் பள்ளம். மேலெல்லாம் வெள்ளைப் பனிமூட்டம்.

டிரக்டர் ஓட்டும் சின்னராசாவுக்குப் போன் எடுத்தார்.

“ஆளுங்களோட வாறோம் சேர். ரெண்டு மணித்தியாலம் புடிக்கும். கார விட்டு மட்டும் எறங்கிறாதீங்க. மேல இருந்து கல்லு உருண்டுகிட்டே இருக்கு.”

“எங்க வீட்டம்மா மெஷின்ல இருக்காங்க, சின்னராசா.”

“வண்டிக்குள்ள கரண்ட் இருக்குல்ல? நம்ம லயத்து வீட்டுலயே இல்லாத வசதி. பயப்படாம இருங்க சேர்.”

இசபெல் மெல்லச் சொன்னார்: “பஸ்ஸுல போயிருந்தா இந்நேரம் வார்டுல படுத்திருப்பேன்.”

“பஸ்ஸுல பிளக் இருக்கா?”

“வாய் மட்டும் கொறையல.”

4.10. பேட்டரி 14 வீதம். திரையில் மெஷின் இழுக்கும் கரண்ட் 300 வாட். பத்திநாதன் கணக்குப் போட்டார். மிச்சப் பெற்றோலையும் சேர்த்தால் இரவு எட்டு மணி வரை தாங்கும். ஹீட்டரை நிறுத்தினார்.

4.31. அந்த 300, 600 ஆனது.

கண்ணைத் துடைத்துப் பார்த்தார். 600. ஹீட்டர் இல்லை. ரேடியோ இல்லை. மெஷின் ஒன்றே ஒன்று. இப்படியே போனால் ஆறே காலுக்குள் எல்லாம் முடியும்.

திரும்பிப் பார்த்தார். நடுவில் இருந்த இரண்டாவது பிளக்கின் மூடி மூடியபடியே இருந்தது. அதில் எதுவும் செருகவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

ஏதாவது செருகினால்தான் அது எரியும்.

மெஷின் எப்போதும் போல இரைந்தது. ‘புஸ்… டக்.’ ஆறு செக்கனுக்கு ஒரு தடவை. ‘புஸ்… டக்.’ நடுவில் இன்னொரு சத்தம். மிக மெல்லியது. ‘ஹ்ஹா…’

அவருடைய முதுகுக்குப் பின்னால்.

காலிச் சீற்றின் பக்கத்துக் கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்கு ஆவி படிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கியது. மறுபடி விரிந்தது. ஆறு செக்கனுக்கு ஒரு தடவை.

4.47.

“ஏங்க… குழாய இழுக்காதீங்க.”

“நான் முன்னுக்கு இருக்கேன் இசபெல்.”

“அப்ப யாரு…”

குழாய் இசபெல்லின் காதோரத்திலிருந்து விறைத்து நின்றது. காலிச் சீற்றின் பக்கம்.

யாரோ பிடித்திருப்பது போல.

5.03. ‘டிங்.’ திரையில் சிவப்புப் பெட்டி. ஜப்பான் எழுத்து. கீழே 180… 179… 178…

பழக்கத்தில் விரல் இடது பொத்தானுக்குப் போனது. எதற்கோ நின்றது. படம் பிடித்து யூஜினாவுக்கு அனுப்பினார். இசபெல்லின் தங்கை, ஜப்பானில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை.

போன் உடனே அடித்தது.

“அத்தான், எடது பக்கம் அமத்திறாதீங்க!”

“என்னம்மா கேக்குது?”

“பேட்டரி காணாதாம். ரெண்டு பிளக்கையும் நிப்பாட்டவான்னு கேக்குது. எடதுன்னா ஆமா, வலதுன்னா வேணாம். ஒண்ணும் அமத்தாட்டி தானா நின்னுருமாம்.”

“ஒண்ண மட்டும் நிப்பாட்ட ஏலாதா?”

“ஏலாது. ரெண்டும்தான். நீங்க அந்த நடுப் பிளக்குல சொருகினதக் கழட்டுங்க அத்தான்.”

“அதுல ஒண்ணும் சொருகலம்மா.”

“இல்லியே, இருக்குன்னு…”

லைன் அறுந்தது.

21… 20…

இசபெல்லின் மூச்சு வாங்கியது. பின்னால் இருந்த மூச்சும் வாங்கியது. ‘ஹ்ஹா… ஹ்ஹா…’

9… 8…

வலது பொத்தானை அமத்தினார்.

பெட்டி மறைந்தது. 600 அப்படியே நின்றது. குழாய் இன்னும் விறைத்தது. இசபெல்லின் கண் மேலே செருகியது.

பத்திநாதன் திரும்பவில்லை. திரும்பத் துணிவில்லை. முன்னால் தொங்கும் கண்ணாடியில் பின் சீற்றைப் பார்த்தபடி பேசினார். எந்தப் பாஷையில் பேசுவது என்றும் தெரியவில்லை.

“அவசரப்படாதீங்க… ரெண்டு பேருக்கும் இருக்கு… மெல்ல… மெல்ல இழுங்க…”

ஒன்றும் நடக்கவில்லை.

“அவளும் பாவந்தானே…”

குழாய் தளர்ந்தது.

590. 540. 480. ஜன்னலில் ஆவி சின்னதாகி, ஆறுதலாக விரிந்தது. இசபெல் மூச்சு விட்டார். பின்னால் இருந்ததும் விட்டது. ஒருவர் விட்ட பிறகு மற்றவர். முறை வைத்து.

5.49. பேட்டரி 3 வீதம்.

5.56. மூட்டத்துக்குள் மரம் அறுக்கும் மெஷின் சத்தம்.

6.18க்குப் பாதை திறந்தது. சின்னராசா கொண்டுவந்த ஒரு கலன் பெற்றோலில் 7.05க்கு ஆஸ்பத்திரி. 7.20க்குப் பத்திநாதன் தன் கையால் டிக்கிப் பிளக்கைக் கழற்றி, மெஷினைத் தூக்கிக்கொண்டு இசபெல்லோடு வார்டுக்குப் போனார். இசபெல் பிழைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள், காலை 11.15. தோட்டத்துக்குக் கரண்ட் வந்திருந்தது. இசபெல் வீட்டுக்கு வந்து, மெஷினைச் சுவர்ப் பிளக்கில் போட்டுக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தார். பத்திநாதன் காருக்குள் உட்கார்ந்து, திரையை வீடியோவில் யூஜினாவுக்குக் காட்டினார். எந்தப் பிளக் எப்போது கரண்ட் கொடுத்தது என்று கார் எழுதி வைக்கிற ஒரு பக்கம் இருக்கிறதாம். அவள் தேடிப் பிடித்தாள்.

“டிக்கிப் பிளக்குல முழுக்க நம்ம அக்காவோட நேரந்தான். நடுப் பிளக்குல ரெண்டே ரெண்டு வரி.”

“வாசி.”

“மொத வரி, கார் இங்க ஜப்பான்ல இருந்தப்ப. மாசி மாசம், நல்லா பனி கொட்டுற காலம். முந்நூறு வாட், நம்ம அக்கா மெஷின் மாதிரியே. நாப்பத்தொரு மணித்தியாலம் பத்து நிமிசம், விடாம ஓடியிருக்கு. நின்ன காரணம்…” அவள் குரல் இறங்கியது. “பெற்றோல் தீர்ந்துருச்சாம்.”

“ரெண்டாவது?”

“போன வெள்ளி, பின்னேரம் நாலு முப்பத்தொண்ணு. தொடக்கம்னு இருக்கு. முடிவுன்னு ஒண்ணும் இல்ல.” அவள் அந்த வரியை மறுபடி பார்த்தாள். “அத்தான்… இப்ப யாருக்குக் குடுத்துக்கிட்டு இருக்கு?”

பத்திநாதன் போனை வைத்தார். பெற்றோல் முள்ளைப் பார்த்தார். காலுக்கும் கீழே. காரை எடுத்துக்கொண்டு நேரே தலவாக்கலைக்குப் போய் டேங்கை நிரப்பினார்.

அந்தக் காரை அவர் விற்கவில்லை. இன்று வரைக்கும் டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விட்டதும் இல்லை.