காற்றுப் பலகைக்குப் போட்ட மாலை

சேகரன் யாரையும் லேசில் நம்பமாட்டான். கேஸ் சிலிண்டர் வந்தால் சீலைத் தடவிப் பார்ப்பான். யாராவது சிரித்துப் பேசினால், இவருக்கு என்ன காரியம் ஆகவேண்டுமோ என்று யோசிப்பான். ஹனூரிலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்த எங்கள் தெருக்காரர்களில் பாய்ப்படகு ஓட்டிப் பிழைப்பவன் அவன் ஒருவன்தான். அதில் கொஞ்சம் கெத்தும் உண்டு.

கே.ஆர்.எஸ். அணைத் தண்ணீரில் அஷ்வினி மேடம் பறவைகளைப் படம் எடுப்பார். மோட்டார் சத்தம் கேட்டால் அவை பறந்துவிடும் என்பதால் பாய்ப்படகு. அவர் கேமராவோடு முன்னால், சேகரன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பின்னால்.

சென்ற ஆவணியில் மேடம் படகின் பின்புறம் ஒரு மெல்லிய பலகையை நிறுத்திவைத்தார். அடியில் அதைச் சமன்செய்ய ஓர் இரும்புக்கட்டி. இருபக்கமும் கயிறு, கயிற்றின் மறுமுனை சுக்கான் பிடியில். படகு திசை மாறினால் காற்று பலகையின் முகத்தில் அடிக்கும், பலகை சாயும், கயிறு இழுக்கும், படகு பழைய திசைக்கே திரும்பும். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. இனி உங்களுக்குக் கை வலிக்காது என்றார் மேடம்.

கை வலிக்கிறது என்று யார் அழுதார்கள்? மறுவாரம் மேடம் அவன் வயதைக் கேட்டார். போனில் இங்கிலீஷில் பேசும்போது இவன் பக்கம் திரும்பினார். தன்னை வேலையை விட்டு அனுப்பத்தான் இந்தப் பலகை என்று மனைவி சரசுவிடம் அடித்துச் சொன்னான். அது எப்போது தப்புச் செய்யும் என்று தினமும் முறைத்துக்கொண்டிருந்தான். அது தப்பே செய்யாததில் அவனுக்கு வயிற்றெரிச்சல்.

ஆயுத பூஜை வந்தது. பாய்க்கம்பு, துடுப்பு, சுக்கான் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவன் பலகை முன்னால் தயங்கி நின்றான். பிடிக்காவிட்டாலும் ஆயுதம் ஆயுதம்தானே, விட்டால் குற்றம். அடர்த்தியான சேவந்தி மாலை ஒன்றை அதன் தலையில் கட்டினான். பூஜை மாலையைக் கழற்றும் வழக்கம் இல்லை, வாடி உதிரும்வரை கிடக்கும்.

விஜயதசமி கழிந்து படகு கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் தானாகவே ஒரு பக்கமாக வளைந்து, மூழ்கிக் கிடந்த மரக்கட்டையில் இடித்தது. கேமரா தண்ணீரில் விழப் பார்த்தது. மேடம் கத்தவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

"கயித்துல ஏதாவது பண்ணீங்களா, சேகரன்? இது உங்களுக்குப் பிடிக்கலைன்னு எனக்குத் தெரியும்."

ஊரையே சந்தேகப்பட்டவனை யாரும் இதுவரை சந்தேகப்பட்டதில்லை. சேகரன் திரும்பிப் பார்த்தான். காற்று ஓய்ந்த பிறகும் பலகை நிமிரவில்லை, மாலைப் பாரத்தில் சாய்ந்தே கிடந்தது. மேடம் அதைக் கவனிக்கவில்லை. பேசாமல் இருந்தால், இது உதவாது என்று பலகையை இன்றே கழற்றி எறிவார், அவன் வேலை நிலைக்கும். ஆனால் கெடுத்தவன் என்ற பேரும் நிலைக்கும்.

மாலையை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டான். கையை மடியில் வைத்துக்கொண்டான். அடுத்த காற்றுக்குப் படகு கோடு போட்டதுபோல் போனது.

"பாத்துக்குங்க மேடம். நான் கையே வெக்கலீங்க."

மேடம் மன்னிப்புக் கேட்டார், மனதாரத்தான் கேட்டார். கரைக்கு வந்ததும், பலகையே போதும், இனிப் படகில் தனியாகவே போய்க்கொள்கிறேன் என்றார்.

"அப்பறம் எதுக்குங்க மாலைய அவுத்தீங்க?" என்றாள் வீட்டில் சரசு, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"பின்ன, நான் கயித்தக் கெடுத்தவன்னே அந்தம்மா நெனச்சிட்டு இருக்கட்டுமா?" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.