காப்புக் கட்டிய கை

என் வீட்டுக்காரர் மின்சார ரயில் ஓட்டியவர். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடிய மீட்டர் கேஜ் காலத்துப் பழைய வண்டி. அதை நிறுத்தியபோதே மனுஷர் பாதியாகிவிட்டார். ஓய்வு பெற்றதும் என்னையும் இழுத்துக்கொண்டு தன் ஊரான ஜவ்வாது மலைக்கே வந்துவிட்டார். நான் மலைக்குக் கீழே இருக்கும் கலசப்பாக்கத்துக்காரி. எனக்கு இந்த மலையும் பழக்கமில்லை, இதன் சட்டதிட்டமும் பழக்கமில்லை.

போன ஆடியில் ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டவர், விழா முடிந்து அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. டியூட்டி டியூட்டி என்று ஒரு திருவிழாவுக்கும் வராத மனுஷர், இந்த முறை முந்திக்கொண்டு போய்க் கையை நீட்டினார். யார் கேட்டார்கள் இவரை?

மறுநாளே சென்னையிலிருந்து மகள் பேசினாள். ரயில் மியூசியத்தில் பழைய மின்சார வண்டிகளை வரிசையாக ஓட்டிக் காட்டப் போகிறார்களாம். அப்பா ஓட்டிய வண்டியும் உண்டாம். அது ஓடுவது அன்றோடு கடைசி. பிறகு சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்திவிடுவார்கள். அந்த வண்டிகளின் ஊர்வலம் ஞாயிற்றுக்கிழமை. காப்பு அவிழ்ப்பதோ அதற்கப்புறம்தான்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வந்த கோபத்தில் நேராகப் பூசாரியிடமே போய் நின்றேன்.

"நீங்க வோணும்னா போய்ட்டு வாங்கம்மா. அவரு போவக் கூடாது. காப்புக் கட்டுன கை எல்லை தாண்டுனா ஊருக்கே ஆவாது" என்றார்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வுடமாட்டாருன்னு சும்மாவா சொன்னாங்க!" என்று கத்திவிட்டு வந்தேன். கத்தி என்ன பயன்?

"அறுத்துப் போட்டுட்டு வாங்க. இன்னா ஆயிடும்?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஒண்ணும் ஆவாது. ஆனா நாளைக்கு எவன் வூட்டு மாடு செத்தாலும் என் மூஞ்சியத்தான் பாப்பான். இந்த ஊர்லதாண்டி இனிமே இருக்கணும்."



எங்கள் ஊரில் புளியமரத்துக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால்தான் போனில் படம் பார்க்கும் அளவுக்கு டவர் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சலவை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். மியூசியத்திலிருந்து மகள் வீடியோ காலில் வந்தாள். போனை நான் பிடித்துக்கொண்டேன். திரையில் முதலில் வேறொரு வண்டி போனது. அடுத்து, மாலை போட்ட முகப்போடு இன்னொன்று வந்து நின்றது.

"அதோ! அதாண்டி!" என்று போனைத் தொட்டார். படம் அப்படியே உறைந்துவிட்டது.

போனைத் தூக்கிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், பாறை முழுக்கச் சுற்றினேன். படம் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது. மைக்கில் யாரோ இவர் பெயரைச் சொன்னார்கள். இந்த வண்டியை ஓட்டியவர் வந்திருந்தால் முன்னால் வந்து பச்சைக் கொடி காட்ட வேண்டும் என்றார்கள். மறுபடியும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "இங்க இருக்கேங்க!" என்று மலையே கேட்கும்படி கத்தினார். "அப்பா, கேக்கலப்பா..." என்றாள் மகள். அதோடு அந்தக் குரலும் போய்விட்டது.

அவர் உட்காரவில்லை. மஞ்சள் கயிறு கட்டிய கையை உயரத் தூக்கியபடி நின்றார். யாரைத் திட்டுவது?

"லைன் போயிடுச்சுங்க. கைய எறக்குங்க" என்றேன்.

"இருடி. வண்டி கெளம்பட்டும்" என்றார்.