அக்காவுக்காகக் கீழே விட்ட பாவு

அக்கா மறைந்து ஒரு வருடம் ஆகிறது. எனக்குப் படிப்பு கிடையாது. நான் சொல்லச் சொல்ல அக்காவின் மகள் எழுதுகிறாள். சொந்தக்காரர்களும் சினேகிதர்களும் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது வெம்பாக்கம் பக்கம். அப்பா அங்கே ஒற்றைத் தறி போட்டிருந்தார். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே அக்கா நூல் சுற்றுவார். அப்போது ஆரணிக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். அந்தக் கண்டக்டர் கோழிக்கும் டிக்கெட் கேட்பார். ஒருநாள் அந்தக் கோழி... "மாமா, கோழி கதை போதும். அம்மாகிட்ட வாங்க" என்கிறாள் இவள். வருகிறேன்.

அந்தப் பஸ்ஸில்தான் அக்காவை நான் இரண்டு முறை ஆரணியில் புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். புருஷன் அடித்து, கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவரை. "ஆம்பளைன்னா அப்படித்தாம்மா, அனுசரிச்சிகினு போ" என்றார் அம்மா. "வாழாவெட்டின்னு ஊரே பேசும்க்கா" என்றேன் நான். அக்கா வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

இரண்டாவது முறை கொண்டுபோய் விட்ட அன்று சாயங்காலம், நான் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் அக்காவின் இடது கண் வீங்கியிருந்தது.

"தறிக்கட்ட இடிச்சிடுச்சிடா" என்றார். நம்பாமலேயே தலையாட்டினேன்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டுப் பாவு. தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் பிரித்துவிட வேண்டும். ஒரு வீட்டு ஆளால் ஆகாது. தெருவே வந்து கை கொடுக்கும். அன்றும் பெண்கள் வந்து பிடித்தார்கள். ஒரு முனையில் அக்கா, மறுமுனையில் நான்.

"கண்ணு என்னாடி இப்படி கீது?" என்று கேட்டார் எதிர்வீட்டுப் பெரியம்மா.

அக்கா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "இவரு அடிச்சாரு பெரியம்மா. தறிக்கட்ட இல்ல. எப்பவுமே தறிக்கட்ட இல்ல."

"அது எங்க வூட்டு விஷயம். ஜல்தியா வேலையப் பாருங்க" என்றார் அக்காவின் புருஷன்.

"உன் வூட்டு விஷயமா? அப்ப உன் வூட்டுப் பாவ நீயே புடிச்சிக்க!"

சொல்லிக்கொண்டே பெரியம்மா கையை எடுத்தார். பிறகு ஒவ்வொருவராக எடுத்தார்கள். பாவு நடுவில் தொய்ந்து மண்ணைத் தொட்டது.

"மச்சான், நீயாவது கெட்டியா புடிடா!" என்று அவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

பட்டை மண்ணில் போடுவது நெசவாளி செய்யக் கூடாத காரியம். நான் விட்டுவிட்டேன். "வாக்கா, ஊருக்குப் போலாம்" என்றேன்.

"ஊருக்கு எதுக்குடா? நான் என்னா தப்பு பண்ணேன்? இதே தெருவுலதான் இருப்பேன்" என்றார் அக்கா.

இருந்தார். கடைசி வீட்டில் மகளோடு தனியாகக் குடியேறி, சொந்தமாகத் தறி போட்டார். அவருடைய முதல் பாவுக்கு நிற்க இடமில்லாத கூட்டம். அந்தத் தறியிலேயே மகளை டீச்சராக்கினார். பெண்ணை அடிப்பவன் வீட்டுப் பாவைப் பிடிப்பதில்லை என்பது அந்தத் தெருவின் வழக்கமாயிற்று. புது மருமகள் யார் வந்தாலும் அக்கா பூவோடு போவார். மாப்பிள்ளை காதில் விழும்படியே, "எவனாவது கை நீட்டுனா கடைசி வூட்டுக்கு வந்துடு கண்ணு" என்பார். "இந்த அத்தையால பேஜாருப்பா" என்று பையன்கள் சிரிப்பார்கள். ஆனால் கை நீட்ட மாட்டார்கள்.

அக்கா படுக்கையில் இருந்தபோது முறை வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், மருந்து வாங்கி வந்தவர்களுக்கும், தூக்கிச் சென்றவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கை கொடுத்தவர்களுக்குத்தான் எல்லோரும் நன்றி சொல்வார்கள். அன்று காலை கையை எடுத்தவர்களுக்கும் நான் சொல்கிறேன்.