ஊதாத் துணிக்குள் ஓர் இசைத்தட்டு

தேதி குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை. கிழமை மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது: தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு கழிந்து வந்த வெள்ளி. எனக்கு ஒன்பது வயது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டு நகரின் அம்மருட் பகுதியில், ஓர் அடுக்குமாடியின் ஆறாம் மாடியில் இருந்தோம். அந்த ஞாயிறன்று அம்மா வழக்கம்போல வீட்டுப் பீடத்திலிருந்த திருவிருதயச் சுரூபத்தை ஊதாத் துணியால் மூடியிருந்தார். உயிர்த்த ஞாயிறு வரை அதை யாரும் தொடமாட்டார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அந்தக் குளிர்காலத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். அவருடைய பெட்டியில் உடுப்புகளைவிடப் பத்திரமாக ஓர் இசைத்தட்டு இருந்தது. அட்டையில் தோள்வரை முடி வளர்த்த நான்கு வெள்ளைக்காரர், கிற்றார்கள், ஒரு சிலுவை. ரொக் இசையில் இயேசுவைப் பாடத் தொடங்கிய முதல் அமெரிக்கக் குழுக்களில் அதுவும் ஒன்று என்று பின்னாளில் படித்தறிந்தேன். மாமா சொன்ன வரலாறு இன்னும் சுருக்கமானது.

“இவங்களைக் கோயிலாலும் கலைச்சாங்கள், கிளப்பாலும் கலைச்சாங்கள். தலைமயிர் நீட்டு எண்டு கோயில்காரருக்குக் கோவம். எந்நேரமும் யேசு எண்டு கிளப்காரருக்குக் கோவம். ஆனாலும் விடேல்லை. இது பாட்டில்லைப் பிள்ளை, செபம்.”

இயேசுவின் பாடுகளைப் புலம்பும் பசாம் தவிர வேறு பாட்டே கேட்காத தவக்காலத்தில் அந்தச் செபத்தை மாமா முழுச் சத்தத்தில் போட்டார். வேலையால் வந்த அப்பா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்து ஊசியைத் தூக்கினார்.

“வெள்ளிக்கிழமை செபத்துக்குச் சனம் வரமுதல் இது வீட்டை விட்டுப் போகவேணும். இல்லாட்டி உடைப்பன்.”

“உடையுங்கோ அத்தான். உடைக்கமுதல் ஒருக்காப் பின்பக்கத்தைப் பாருங்கோ.”

அப்பா பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அட்டையின் பின்னால் நீல மையில் நான்கு கையெழுத்துகள். அந்த நான்கு வெள்ளைக்காரரும் வைத்தவை என்று முடிவுசெய்துகொண்டேன்.

வெள்ளியன்று பள்ளியால் வந்ததும் மாமாவின் மெத்தைக்கு அடியிலிருந்து அதை உருவி, சுரூபத்துக்குப் பின்னால், ஊதாத் துணிக்குள் சொருகினேன். அப்பா வந்து மெத்தையைப் புரட்டினார், அலுமாரியைக் கிளறினார்.

“எங்கை பிள்ளை அது?”

“தெரியாதப்பா.”

தவக்காலத்தில் சொன்ன பொய். சனம் வந்து முழந்தாளிட்டது. அப்பா செபமாலையைத் தொடங்கினார். மூன்றாவது துக்க தேவரகசியத்தில் தலை நிமிர்ந்தேன். திருவிருதய ஆண்டவருக்குச் சதுரத் தோள் முளைத்திருந்தது. அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செபம் பாதியில் நிற்க, எழுந்துபோய்த் துணியில் கை வைத்தார்.

“என்ன, மெழுகுதிரி அணையுதோ?” என்றார் பின்னாலிருந்த ஒரு மாமி.

“ஓம்” என்றார் அப்பா.

துணியைக் கீழே இழுத்து அந்த மூலையை மூடிவிட்டு, திரும்ப முழந்தாளிட்டார். செபமாலையின் அந்தப் பத்து மணிகளுக்குப் பதினொரு ‘அருள்நிறை மரியே’ சொன்னோம். நான் எண்ணினேன்.

ஒன்பது நாள் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். உயிர்த்த ஞாயிறு காலை அப்பாவே அதை அகற்றினார். உடையும் சத்தம் கேட்காமல் இருக்கக் காதைப் பொத்தினேன். அவர் இசைத்தட்டை எடுத்து, திருப்பாமல், படம் மேலே இருந்தபடியே மாமாவிடம் நீட்டினார்.

“சத்தத்தைக் குறைச்சுப் போடு.”

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

மாமா பேர்கன் நகருக்குக் குடிபோனபோது இசைத்தட்டை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அண்மையில் என் பழைய பள்ளிக் கொப்பிகளை ஆண்டுவாரியாக அடுக்கினேன். வகுப்பாசிரியையின் குறிப்புகளுக்குக் கீழே வாரந்தோறும் அப்பா வைத்த ஒப்பம், கடைசி எழுத்தில் ஒரு சுழியோடு. அட்டையில் மூன்றாவது கையெழுத்திலும் அதே சுழி. மாமாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

“அது எங்கடை பங்குக் கோயில் பெடியளின்ரை பாட்டு பாண்ட் வைச்ச கையெழுத்து. நான் கிற்றார், கொப்பர், உன்ரை அப்பாதான், ட்ரம்ஸ்.”

“மற்ற ரெண்டு பேரும்?”

“கோயிலுக்கு ஷெல் விழேக்கை அவங்கள் ரெண்டு பேரும் உள்ளுக்கைப் பாடிப் பழகிக்கொண்டு நிண்டவங்கள்.”

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது என்றே அன்று நான் நினைத்திருந்தேன்.