மழைநாளில் மான் வேட்டைக்குப் போனது

கனடாவில் மழை பெய்தால் ஆட்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள். லிஃப்டில் ஏறுகிற முன்பின் தெரியாத மனிதர், வானத்துக் குழாயைத் தானே திறந்துவிட்டவர் மாதிரி, "மோசமான நாள், சொறி" என்கிறார். ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தில் மழையைக் கண்டு சந்தோஷப்பட்டது ஒரே ஒரு ஆள்தான், என் மகள் தர்சினி. காலையில் எழும்பியதும் முதல் வேலையாகத் திரையை விலக்கி வானத்தைப் பார்ப்பாள். வெயில் என்றால் முகம் சுருங்கிவிடும். மப்பும் மந்தாரமுமாக இருந்தால் நிம்மதியாகப் பாண் சாப்பிடுவாள். ஏன் இப்படி என்று மனைவியைக் கேட்டேன். "மப்பு நாளிலை குண்டு போடுற பொம்பர் வராது. அங்கை எல்லாப் பிள்ளையளும் உப்பிடித்தான் வானத்தைப் பாத்ததுகள்" என்றாள், பருப்பைக் கழுவிக்கொண்டே.

நான் நாட்டை விட்டு வந்தபோது தர்சினி தவழக்கூடத் தொடங்கவில்லை. அகதி வழக்கு, ஸ்பொன்சர், கொழும்பில் காத்திருப்பு என்று எல்லாம் இழுபட்டு, தாயும் மகளும் ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது அவளுக்கு எட்டு வயதாகிவிட்டது. எனக்குத் தெரிந்த யுத்தம் தொலைபேசியில் கேட்ட யுத்தம். அதிலும் பாதி விளங்காது. விமான நிலையத்தில் மகள் எனக்கு வணக்கம் சொன்னாள். நானும் பதிலுக்கு வணக்கம் சொன்னேன். வேறு என்ன செய்வது?

அவள் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷனின் பெயரைச் சொல்வதில்லை, "இஞ்சேருங்கோ" என்பார்கள். என் மனைவியும் அப்படித்தான். தாயோடு மட்டும் வளர்ந்த பிள்ளை அதையே பிடித்துக்கொண்டது. "இஞ்சேருங்கோ, சாப்பிட வரட்டாம்." "இஞ்சேருங்கோ, ரெலிபோன் அடிக்குது." ஒரே வீட்டில் எனக்கு இரண்டு மனைவிமார் போல இருந்தது. ஊரில் இருந்தபோது ஒவ்வொரு இரவும் என் படத்துக்கு "அப்பா, குட்நைற்" சொல்லிவிட்டுத்தான் படுப்பாளாம். படத்துக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. சரியான மனவருத்தம் எனக்கு. அதை வெளியில் காட்டாமல் ஓவர்டைம் செய்தேன்.

தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மெஷினில் நின்றவர் கென், ஒஷாவாக்காரர். என் கதையைக் கேட்டுவிட்டு, "மகளை மான் வேட்டைக்குக் கூட்டி வா" என்றார். அவரும் அவருடைய தகப்பனும் வாழ்க்கையில் பேசிக்கொண்டதெல்லாம் காட்டில்தானாம். மணிக்கணக்கில் பேசாமல் இருந்தால் பேச்சுத் தானாக வரும் என்பது அவர் கொள்கை. பேசாமல் இருக்க எங்கள் வீட்டில் ஆள் குறைவில்லை, போய்த்தான் பார்ப்போமே என்று நினைத்தேன். நான் அதற்கு முன் போன ஒரே வேட்டை எங்கள் கோயில் வேட்டைத் திருவிழா. சுவாமி குதிரை வாகனத்தில் ஏறி, மேளதாளத்தோடு ஊர் முழுக்கத் தெரியக்கூடியதாக வேட்டைக்குப் போவார். மிருகங்களுக்குப் போதிய அவகாசம் கிடைக்கும்.

"துவக்குக் கொண்டுபோற இடத்துக்குப் பிள்ளையை ஏன்?" என்று மனைவி கேட்டாள்.

"சுடுறது கென். நாங்கள் சும்மா பாக்கிறது. மான் அநேகமா வராதாம்."

தர்சினி இடையில் புகுந்தாள். "இஞ்சேருங்கோ, அண்டைக்கு மழை பெய்யுமோ?"

"ஓம், நாள் முழுக்க எண்டு ரேடியோவிலை சொன்னவங்கள்."

"அப்ப வாறன்" என்றாள்.

ஒஷாவாவுக்கு வடக்கே, கென்னின் மச்சானுக்குச் சொந்தமான காடு. எங்களை மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடாதபடி கென் எங்களுக்குச் செம்மஞ்சள் மேலங்கி போட்டுவிட்டார். தர்சினியின் அங்கி அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. மானுக்கு மூக்குப் பொல்லாதது என்று அவர் வாசனையில்லாத சவர்க்காரத்தில் தன் உடுப்பைத் தோய்த்திருந்தார். என் மனைவியோ, நனைந்தால் காய்ச்சல் வரும் என்று பிள்ளைக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை தைலம் தேய்த்து அனுப்பியிருந்தாள். கென் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பிறகு நாங்கள் வெங்காயம் மணக்கும் சீனிச்சம்பல் பாணை அவிழ்த்தோம். அவர் தனக்கும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டார். மழை இலைகளில் விழுந்துகொண்டே இருந்தது. பேச்சு வரவில்லை. மகள் ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்ட விதத்தைக் கவனித்த கென், அது என் செல்லப் பெயரா என்று மெதுவாகக் கேட்டார். ஆம் என்றேன்.

தைலத்தையும் சம்பலையும் பொருட்படுத்தாத ஒரு மான் கடைசியில் வந்தது. முதலில் கண்டது தர்சினிதான். "இஞ்சேருங்கோ, அங்கை" என்று என் கையைத் தொட்டாள். மரங்களுக்கிடையில் அது நனைந்துகொண்டு எங்களையே பார்த்தது. நான் நன்றாகப் பார்க்க எழும்பினேன். அந்த நேரம் கென் சுட்டார்.

எனக்குப் பழக்கமில்லை. சத்தம் வந்த பக்கம் திரும்பி, பனை மாதிரி நின்றேன்.

"அப்பா! படுங்கோ!"

என் அங்கியைப் பிடித்து இழுத்தாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சேற்றில் முகங்குப்புற விழுந்தேன். அவளும் பக்கத்தில் படுத்து, என் பிடரியில் கையை வைத்து அழுத்தினாள். "வாயைத் திறந்து வைச்சிருங்கோ அப்பா, காது வெடிச்சிடும்." திறந்தேன். இந்த நாட்டுக் கொடியில் இருக்கிற இலை ஒன்று வாய்க்குள் போனது. என் பிள்ளை இதையெல்லாம் இவ்வளவு நேர்த்தியாகப் பழகியிருந்தது வேதனையாக இருந்தது. அந்த வேதனைக்குள்ளேயே சந்தோஷமாகவும் இருந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

கென் ஓடி வந்தார். குறி தப்பிவிட்டது, மான் ஓடிவிட்டது, சொறி என்றார். பிறகு எங்கள் கிடையைப் பார்த்து, "இது உங்கள் சமய வழக்கமா? மானுக்காகவா?" என்று கேட்டார். இலையோடு பதில் சொல்ல முடியவில்லை. அவர் துவக்கை வெறுமையாக்கி மரத்தில் சாத்திவிட்டு, தொப்பியைக் கழற்றி, மழையில் தலை குனிந்து நின்றார்.

இலையைத் துப்பிவிட்டு, "பயப்பிடாதை பிள்ளை, அது கென்னின்ரை துவக்கு. முடிஞ்சுது. எழும்புவமோ?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது அப்பா. முதல் ஒண்டு வந்தா, பிறகும் ஒண்டு வரும். கொஞ்சம் பொறுங்கோ."

பொறுத்தேன். முதுகில் மழை பெய்தது, பிடரியில் அவள் கை இருந்தது. கென் தொப்பியைப் போடவில்லை. எனக்கு எழும்ப ஒரு அவசரமும் இல்லை.